புதுக் கணினி மெதுவாக ஓடினால் யாரைக் கேட்பது?

2006-இல் அமெரிக்கக் கடைகளில் விற்ற புதுக் கணினிகள் பலவற்றின் மேல் ஒரு சிறிய ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது: ‘விண்டோஸ் விஸ்டா கேபபிள்’. மைக்ரோசாஃப்ட்டின் அடுத்த இயங்குதளமான விஸ்டா அந்த ஆண்டே கடைக்கு வந்திருக்க வேண்டியது. 2007 ஜனவரிக்குத் தள்ளிப்போய்விட்டது. புதுசு வரட்டும் என்று ஜனங்கள் காத்திருந்துவிட்டால் கிறிஸ்துமஸ் விற்பனை என்ன ஆவது? இப்போதே வாங்குங்கள், விஸ்டா வந்ததும் இதிலேயே ஓடும் என்று தைரியம் சொல்லத்தான் அந்த ஸ்டிக்கர்.

விஸ்டா வந்தது. வாங்கியவர்கள் ஏற்றிப் பார்த்தார்கள். விளம்பரத்தில் காட்டிய பளபளப்பான ‘ஏரோ’ திரைத்தோற்றம் பலருடைய கணினியில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இன்டெலின் 915 வகை சிப்செட் பொருத்திய கணினிகளுக்கு அதைக் காட்டும் திராணியே கிடையாது. 512 எம்பி ராமும் 800 மெகாஹெர்ட்ஸ் பிராசஸரும் இருந்தாலே ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாம் என்று விதி அவ்வளவு தளர்வாக இருந்தது. வாங்கியவர்கள் 2007-இல் வழக்குத் தொடுத்தார்கள். சியாட்டில் நீதிமன்றத்தில் அந்த வழக்கு நடந்தபோது மைக்ரோசாஃப்ட்டின் உள் மின்னஞ்சல்கள் வெளியே வந்தன. தான் 2,100 டாலர் கொடுத்து வாங்கிய மடிக்கணினி மின்னஞ்சல் பார்க்க மட்டும்தான் லாயக்கு என்று அந்த நிறுவனத்தின் துணைத் தலைவர் ஒருவரே அவற்றில் நொந்துகொண்டிருந்தார்.

இவ்வளவு சாட்சி இருந்தும், 2009 பிப்ரவரியில் நீதிபதி அதன் கூட்டு வழக்குத் தகுதியை ரத்து செய்தார். ஸ்டிக்கரால் விலை ஏறியது, அதனால் எல்லோருக்கும் பொதுவாக இன்ன நஷ்டம் என்று வாங்கியவர்கள் தரப்பால் காட்ட முடியவில்லை. அதே அமெரிக்காவில் இன்னொரு வழக்கு. ஏஎம்டி நிறுவனம் ‘எட்டு கோர்’ என்று விளம்பரம் செய்து விற்ற எஃப்எக்ஸ் பிராசஸர்களில் உண்மையில் எட்டு முழுமையான கோர்கள் இல்லை என்பது புகார். அது 2019-இல் 1.21 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. தவறு செய்ததாக ஏஎம்டி ஒப்புக்கொள்ளவில்லை. பணம் கொடுக்க ஒப்புக்கொண்டது. எட்டு என்று சொன்னதை எண்ணிப் பார்க்க முடியும் என்பது அந்த வழக்கின் பலம்.

சென்னை ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ முப்பது நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்துக் கணினி வாங்கும் குடும்பத்துக்கும் இந்த வித்தியாசம் முக்கியம். ‘சிஸ்டம் ரொம்ப ஸ்லோவா இருக்குங்க’ என்று கடைக்குப் போனால், ‘புதுசு இல்லையா சார், யூஸ் பண்ணப் பண்ண செட் ஆயிடும்’ என்ற பதில் தயாராக இருக்கும். அதற்கு மேல் பேச வாங்கியவர் கையில் எதுவும் இருக்காது. ‘பில்லில் 8 ஜிபி ராம், உள்ளே 4 ஜிபிதான் இருக்கு’ என்று போனால் பேச்சே வேறு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 ‘குறைபாடு’ என்று எதைச் சொல்கிறது? ஒரு பொருளின் தரமோ அளவோ திறனோ, சட்டப்படியோ ஒப்பந்தப்படியோ விற்பவர் சொன்னபடியோ இருக்க வேண்டிய நிலையிலிருந்து குறைந்திருப்பதை. வெறும் மந்தம் அந்த வரையறைக்குள் தானாக வந்துவிடாது. என்ன சொன்னார்கள், என்ன கொடுத்தார்கள் என்பதை எண்ணால் காட்ட வேண்டும். அதையும் வாங்கிய சில நாட்களுக்குள் எழுத்தில் காட்ட வேண்டும்.

முதல் இரண்டு நாட்களை மட்டும் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுவது நியாயம். ஆலையில் மென்பொருள் ஏற்றிய பிறகு வெளியான புதுப்பிப்புகளையெல்லாம், இணையம் கிடைத்ததும் கணினி இறக்கத் தொடங்கும். கோப்புகளைத் தேடுவதற்கான அட்டவணை தயாராகும். டிஃபெண்டர் வைரஸ் சோதனை நடத்தும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தால் ஒன்டிரைவ் தன் பங்குக்குக் கோப்புகளை ஏற்றி இறக்கும். விண்டோஸ் 11-இன் அண்மைப் பதிப்புகளில் வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்யும் வேலையும் பின்னணியில் நடக்கும். சார்ஜரில் செருகி, வைஃபை கொடுத்து, ஸ்லீப் நிலைக்குப் போகாதபடி அமைப்பை மாற்றி, ஓர் இரவு அப்படியே விட்டுவிட வேண்டும். மறுநாள் ரீஸ்டார்ட் செய்த பிறகும் திணறினால் அதற்கு வேறு காரணம் இருக்கிறது.

அதைக் கண்டுபிடிக்க எந்த மென்பொருளும் வாங்க வேண்டியதில்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்தில் பிராசஸரின் முழுப் பெயர், ராம் எவ்வளவு, வட்டு எஸ்எஸ்டியா ஹார்டு டிஸ்க்கா என்பதெல்லாம் இருக்கும். அந்தத் திரையையும், கணினியின் அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணையும், பில்லையும் அன்றைக்கே படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். இவை மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பதில்தான் பல புகார்களின் உயிர் இருக்கிறது.

பொருந்தாதது போலத் தோன்றி உண்மையில் சரியாகவே இருப்பதும் உண்டு. 512 ஜிபி என்று எழுதியிருக்கும் எஸ்எஸ்டியை விண்டோஸ் 476 ஜிபி என்றுதான் காட்டும். தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்கில் கணக்கிடுகிறார், விண்டோஸ் 1,024-இன் மடங்கில் கணக்கிடுகிறது, அவ்வளவுதான். 8 ஜிபி ராமில் ஒரு பகுதியைத் திரைக்காட்சிக்கென்று ஒதுக்கிவிடுவதால் ஏழு சொச்சம்தான் பயன்பாட்டுக்கு என்று வருவதும் ஏமாற்று அல்ல. இதற்காகச் சண்டைக்குப் போனால், உண்மையான குறையைச் சொல்லும்போது கடைக்காரர் காது கொடுக்க மாட்டார்.

மந்தத்துக்குப் பெரும்பாலும் மூன்று இடங்களில் ஒன்றுதான் காரணம். முதலாவது வட்டு. பழைய பாணி ஹார்டு டிஸ்க்கில் தகடு நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி. வேண்டிய தகவல் ஊசியின் அடியில் வரச் சராசரியாக அரைச்சுற்றுக் காத்திருக்க வேண்டும், ஊசி அந்த இடத்துக்கு நகரும் நேரம் தனி. இப்படிப் பார்த்தால் அங்கங்கே சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளை நொடிக்கு நூறு தடவைகூட அதனால் படிக்க முடியாது. சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி அதைப் பல்லாயிரம் தடவை செய்கிறது. விண்டோஸ் தொடங்கும்போது படிப்பது இத்தகைய சின்னக் கோப்புகளைத்தான். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் என்ற இடத்தில் நூறு சதவீதம் என்று நிமிடக்கணக்கில் நின்றால், குற்றவாளி அங்கேயே அகப்பட்டுவிட்டான். மலிவான மடிக்கணினிகளில் வரும் இஎம்எம்சி என்ற சேமிப்பகம் எஸ்எஸ்டிக்குத் தூரத்துச் சொந்தம், வேகம் குறைவு. அதிலும் 64 ஜிபி மட்டும் இருந்தால், விண்டோஸ் தன் பெரிய புதுப்பிப்புகளை வைக்கவே இடம் தேடி அலையும்.

இரண்டாவது ராம். விண்டோஸ் 11 ஓட 4 ஜிபி போதும் என்பது மைக்ரோசாஃப்ட்டின் குறைந்தபட்ச நிபந்தனை. ஓடும் என்பது உண்மை. அதோடு பிரௌசரும் ஒரு வீடியோ வகுப்பும் திறந்தால் ராம் நிரம்பி, மிச்சத்தை வட்டில் எழுதி எழுதி எடுக்கத் தொடங்கும். விஸ்டா ஸ்டிக்கர் செய்த அதே வேலையை இன்றைக்கு இந்தக் குறைந்தபட்ச அளவு செய்கிறது. வாங்குவதற்கு முன்பே, ராமைக் கூட்டிக்கொள்ள ஸ்லாட் இருக்கிறதா, பலகையிலேயே பற்றவைத்துவிட்டார்களா என்று கேட்டுவிடுவது நல்லது. பற்றவைத்திருந்தால் அந்தக் கணினி ஆயுளுக்கும் அதே ராமோடுதான்.

மூன்றாவது பிராசஸர். இங்கே பெயர்களே ஆளைக் குழப்பும். ரைசன் 5 7520யூ என்ற பெயரைப் பார்ப்பவர், 7-இல் தொடங்குகிறதே, புத்தம் புதுசு என்று நினைப்பார். ஏஎம்டி 2022-இல் அறிவித்த பெயர்முறைப்படி முதல் எண் எந்த ஆண்டுக்கான வரிசை என்பதைச் சொல்லும். உள்ளே இருக்கும் வடிவமைப்பு எந்தத் தலைமுறை என்பதைச் சொல்வது மூன்றாவது எண். அங்கே இருப்பது 2. அதாவது 2019-இல் வந்த ஸென் 2. இதைக் கண்டித்து 2023 டிசம்பரில் இன்டெல் ஒரு விளக்கத் தொகுப்பை வெளியிட்டது. தன் வரிசையிலும் பழைய வடிவமைப்புகள் புதுப் பெயரோடு இருப்பதைப் பலர் சுட்டிக்காட்ட, அதை எடுத்துவிட்டது. 2023 முதல் மடிக்கணினிகளில் செலரான், பென்டியம் என்ற பெயர்களையும் இன்டெல் கைவிட்டு, அந்த மலிவு வகைகளை வெறும் ‘இன்டெல் பிராசஸர்’ என்று விற்கிறது. பெயர் பழக்கமானதாக இருந்தவரை செலரானைத் தவிர்க்கத் தெரிந்திருந்தவருக்கு இப்போது அந்தப் பிடிமானமும் போயிற்று.

இவை எதுவும் இல்லாமலும் புதுக் கணினி நொண்டலாம். சார்ஜர் போதிய வாட் தராவிட்டாலும், பவர் மோடு சிக்கனத்தில் இருந்தாலும் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கூட வரும் இலவச மென்பொருள்களும் காரணமாகலாம். 2014-இல் சில மாதங்கள் லெனோவோ தன் மடிக்கணினிகளில் ‘சூப்பர்ஃபிஷ்’ என்ற விளம்பர மென்பொருளை ஏற்றி விற்றது. அது வலைப்பக்கங்களுக்குள் விளம்பரத்தைச் செருகியதோடு, பாதுகாப்பான இணைப்பையே ஓட்டையாக்கியது. 2017-இல் அமெரிக்க மத்திய வணிக ஆணையத்தோடும் 32 மாநிலங்களோடும் லெனோவோ சமரசம் செய்துகொண்டு 35 லட்சம் டாலர் கட்டியது. நம் வீட்டுக்கு வரும் கணினியில் இந்த அளவுக்கு விஷமம் இருக்காது. சோதனைக்கால ஆன்டிவைரஸும் நாலைந்து விளையாட்டுகளும் இருக்கும். வேண்டாதவற்றை நீக்கிவிட்டு, டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பட்டியலைக் குறைத்தாலே சில கணினிகள் எழுந்து நடக்கும்.

புதுசு என்று சொல்லிப் பழைய பாகத்தைச் செருகுவது தனி வகை. 2025 ஜனவரியில் ஜெர்மனியில், புதியவை என்று விற்கப்பட்ட சீகேட் ஹார்டு டிஸ்க்குகள் பல்லாயிரம் மணி நேரம் ஏற்கெனவே ஓடியவை என்று வெளிப்பட்டது. வழக்கமான ஓட்டக் கணக்கை யாரோ பூஜ்யமாக்கியிருந்தார்கள். டிஸ்க்கில் வேறொரு இடத்தில் பதிவாகியிருந்த உள்கணக்கு காட்டிக்கொடுத்துவிட்டது. தன் அதிகாரபூர்வ விற்பனையாளர்களுக்குத் தான் அவற்றை அனுப்பவில்லை என்றது சீகேட். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில், வட்டு எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, எத்தனை முறை மின்சாரம் கண்டிருக்கிறது என்பவை தெரியும். நேற்றுப் பெட்டி பிரித்த கணினியின் வட்டு ஆயிரம் மணி நேரத்தைக் காட்டினால், அது வேகப் பிரச்சினை என்பதைத் தாண்டி மோசடியாகிவிடுகிறது. அசெம்பிள் செய்து வாங்குபவர்கள் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணையும் பில்லில் எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

பில் என்றதும் ஒரு சங்கடம். கணினிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. ‘பில் வேண்டாம்னா குறைச்சுத் தர்றேன்’ என்று சொல்லும்போது நாற்பதாயிரத்தில் ஆறாயிரம் ஏழாயிரம் மிச்சமாவதை நடுத்தரக் குடும்பம் தட்டுவது கஷ்டம்தான். ஆனால் அந்தத் தொகைக்காக எல்லா உரிமையையும் ஆதாரமில்லாமல் ஆக்கிவிட்டு வருகிறோம். பில் தராமல் இருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது 2019 சட்டம். அதே பட்டியலில் இன்னொன்றும் இருக்கிறது: குறைபாடுள்ள பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படி எதுவும் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது.

கணினி வாங்குவோர் அதிகம் அறியாத ஓர் ஆயுதம் 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் இருக்கிறது. எதற்காக வாங்குகிறோம் என்பதை விற்பவரிடம் சொல்லி, அவர் திறமையை நம்பி வாங்கினால், பொருள் அந்த வேலைக்கு ஏற்றதாக இருக்கும் என்ற நிபந்தனை அந்த விற்பனையில் தானாகவே அடங்கிவிடுகிறது என்கிறது அதன் 16-ஆம் பிரிவு. ‘என் பொண்ணு சிவில் இன்ஜினியரிங் படிக்கிறா, ஆட்டோகேட் ஓடணும், இந்த பட்ஜெட்ல எது சரியா வரும்?’ என்று கடைக்கு வாட்ஸ்அப்பில் கேட்டு, அவர் சொன்ன மாடலை வாங்கி, அதில் அந்த மென்பொருள் தவழ்ந்தால், கேள்வி கேட்க வலுவான இடம் இருக்கிறது. மாறாக, இன்ன கம்பெனி, இன்ன மாடல் என்று பெயர் சொல்லி வாங்கினால் இந்த நிபந்தனை பொருந்தாது என்று அதே பிரிவு விலக்கும் வைத்திருக்கிறது. நண்பர் சொன்ன மாடல் எண்ணை ஒப்பிப்பதைவிட, தேவையைச் சொல்லிக் கேட்பதுதான் வாங்குபவருக்குப் பாதுகாப்பு. வாயால் கேட்பதை எழுத்தில் கேட்டால் இன்னும் பாதுகாப்பு.

அதே சட்டத்தின் 42-ஆம் பிரிவு அவசரத்தைச் சொல்கிறது. பொருளை வேண்டாம் என்று தெரிவிக்காமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்திருந்தால், ஏற்றுக்கொண்டதாகவே பொருள். எத்தனை நாள் நியாயம் என்று சட்டம் எண் சொல்லவில்லை. பிரிட்டனில் 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் 30 நாள் என்று தெளிவாக வைத்திருக்கிறது. அதற்குள் குறைபாட்டைக் காட்டினால் முழுப் பணத்தையும் கேட்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பவருக்கு இரண்டாண்டுப் பொறுப்பு உண்டு. இந்தியாவில் அப்படி எண்ணால் வகுத்த பொது உத்தரவாதம் இல்லாததால், முதல் வாரத்திலேயே போகும் ஒரு மின்னஞ்சலுக்கு இங்கே மதிப்பு அதிகம்.

ஆன்லைனில் வாங்கியவர்களுக்கு 2020-இன் மின்வணிக விதிகள் துணை நிற்கின்றன. விளம்பரத்தில் சொன்ன அம்சங்கள் இல்லாத பொருளையோ குறைபாடுள்ள பொருளையோ திரும்பப் பெற மாட்டேன் என்று விற்பவர் சொல்ல முடியாது. தளத்தின் குறைதீர் அலுவலர் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ‘ரீப்ளேஸ்மென்ட் மட்டும்’ என்று பக்கத்தில் போட்டிருப்பதைப் பார்த்துப் பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். கடையின் கொள்கை விதியை மிஞ்சாது.

சர்வீஸ் சென்டருக்குப் போகும் நிலை வந்தால், கோப்புகளை முதலில் வேறிடத்தில் எடுத்து வைத்துவிட வேண்டும். ஃபார்மேட் செய்வதுதான் அங்கே முதல் வைத்தியம். ஜாப் ஷீட்டில் ‘கஸ்டமர் ஸ்லோ என்கிறார்’ என்று எழுத விடக் கூடாது. ரீஸ்டார்ட்டுக்கு எத்தனை நிமிடம் ஆகிறது, டிஸ்க் எத்தனை சதவீதத்தில் நிற்கிறது, எந்த மென்பொருள் திறக்கும்போது உறைகிறது என்று எழுதச் சொல்ல வேண்டும். ‘குறை எதுவும் இல்லை’ என்று திருப்பித் தந்தால் அதையும் எழுத்தில் வாங்க வேண்டும். ஒரே புகாருக்கு வரிசையாக நாலு ஜாப் ஷீட் இருந்தால், அவையே பேசும்.

அதற்கும் மசியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே சொல்லலாம். அது நீதிமன்றம் இல்லை. புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்கும். அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை அங்கேயே விசாரிக்கலாம். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எதிர்த்தரப்பு இருக்கும் ஊரிலோ பிரச்சினை எழுந்த ஊரிலோதான் வழக்குப் போட முடிந்தது. இப்போது புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். பெங்களூரிலோ குருகிராமிலோ அலுவலகம் வைத்திருக்கும் நிறுவனத்தைத் தேனியிலிருந்தே கேள்வி கேட்கலாம் என்பது சாதாரண மாற்றம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை, இணையத்தில் இ-ஜாக்ரிதி தளத்திலேயே மனு செய்யலாம், பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம்.

தொழிலுக்காக வாங்கிய கணினி என்றால் நுகர்வோர் இல்லை என்று நிறுவனங்கள் வாதாடும். அதற்கு உச்ச நீதிமன்றம் 1995-லேயே, கோவை பி.எஸ்.ஜி. இன்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்டை எதிர்த்து லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் நடத்திய வழக்கில் விளக்கம் தந்திருக்கிறது. தட்டச்சுப் பொறி வாங்கித் தானே அடித்துப் பிழைப்பவர் நுகர்வோர்தான் என்பது அதில் சொன்ன உதாரணம். இன்றைக்கு அந்த இடத்தில் டிடிபி கடைக்காரரும், வீட்டிலிருந்தே வடிவமைப்பு வேலை செய்யும் பெண்ணும் இருக்கிறார்கள். ஆள் வைத்து நடத்தும் அலுவலகத்துக்கு மொத்தமாக இருபது கணினி வாங்குபவருக்குத்தான் இந்தக் கதவு மூடியிருக்கிறது.

ஆணையத்தில் ‘உற்பத்திக் குறை’ என்று சொன்னால் அதை நிரூபிக்கும் சுமை வாங்கியவருடையது. தேவைப்பட்டால் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அதற்கான கட்டணத்தைப் புகார்தாரரைக் கட்டச் சொல்லலாம், தீர்ப்புக்கான காலமும் சட்டப்படி மூன்று மாதத்திலிருந்து ஐந்து மாதமாகும். நடைமுறையில் இன்னும் இழுக்கும். சொன்ன ராம் இல்லை, சொன்ன பிராசஸர் இல்லை, வட்டு பழையது என்ற புகார்களுக்கு முதல் வாரத்தில் எடுத்த படங்களும் பில்லும் ஜாப் ஷீட்டும் ஆய்வக வேலையின் பெரும்பகுதியைச் செய்துவிடும். ஆணையம் குறையை நீக்கவோ, வேறு கணினி தரவோ, பணத்தைத் திருப்பவோ, இழப்பீடு கொடுக்கவோ உத்தரவிடலாம். அதை எதிர்த்து மாநில ஆணையத்துக்குப் போக நிறுவனத்துக்கு 45 நாள் அவகாசம். உத்தரவிட்ட தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். மேல்முறையீடும் இல்லாமல் உத்தரவையும் நிறைவேற்றாமல் இருந்தால், 72-ஆம் பிரிவின்படி ஒரு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையோ, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.